சேஃப்டி மேனேஜர் யாருக்குக் கீழே இருக்க வேண்டும்?

சிங்கப்பூரில், சிலேத்தாரில் ஒரு விமானப் பராமரிப்பு நிறுவனத்தில் உரிமம் பெற்ற பொறியாளராக வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். நிறுவனம் அவரை சேஃப்டி மேனேஜர் ஆக்கப் போகிறது, அதாவது வேலையில் இருக்கும் ஆபத்துகளைக் கண்டு எழுதி மேலே சொல்கிறவர். சம்பளம் கொஞ்சம் கூடும், இரவு ஷிப்ட் இருக்காது. ஆனால் புதிய அமைப்பு வரைபடத்தில் அவருடைய பெட்டி பராமரிப்புத் துறைத் தலைவருக்குக் கீழே இருக்கிறது; தலைமை நிர்வாகியிடம் போக ஒரு புள்ளிக்கோடு மட்டும், அதாவது பேசலாம், ஆனால் அவர் மேலதிகாரி இல்லை. "விதிப்படி இது சரியா? சரியில்லை என்றால் எப்படிச் சொல்வது? பல வருஷமாக அந்தத் தலைவரிடம்தான் வேலை பார்க்கிறேன், நல்ல மனிதர்" என்கிறார்.

சுருக்கமான பதில்: இப்போது வரைந்திருக்கிறபடி ஏற்காதீர்கள். தலைவர் நல்ல மனிதர் என்பது இதில் கணக்கிலேயே வராது. அடுத்த வருஷம் அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டால் பெட்டியும் கோடும் அப்படியே இருக்கும், நாற்காலியில் வேறு ஆள் இருப்பார். அதே நேரத்தில், கோட்டை மட்டும் மேலே இழுத்து ஒட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். தலைமை நிர்வாகிக்கு நேர்க்கோடு போட்டிருந்தும் வாயைத் திறக்க முடியாத சேஃப்டி மேனேஜர்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் எழுதும் ஒரு விஷயம் மேலே போய்ச் சேருவதற்குள் அதைச் சத்தமில்லாமல் நிறுத்தவோ மழுக்கவோ யாரால் முடியும்? இந்தப் பதவியை எடை போட இந்த ஒரு கேள்வி போதும். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

விதியை முதலில் பார்த்துவிடுவோம், அது பலர் நினைப்பதைவிட இளக்கமானது. ஐகாவோ என்கிற அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, பாதுகாப்பு மேலாண்மைக்கென்றே 19ஆம் பின்னிணைப்பை 2013இல் கொண்டுவந்தது. திருத்திய இரண்டாம் பதிப்பு 2019 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. நிறுவனம் ஒரு சேஃப்டி மேனேஜரை நியமிக்க வேண்டும், நிறுவனத்தின் அளவைப் பொறுத்து அவர் வேறு வேலையும் சேர்த்துப் பார்க்கலாம், ஆனால் அந்த வேலை இந்த வேலையோடு முட்டிக்கொள்ளக் கூடாது என்பதுதான் அதன் சாரம். "தலைமை நிர்வாகிக்கு நேர்கீழே" என்று ஆணியடித்த மாதிரி ஒரு வாசகத்தை அங்கே தேடினால் கிடைக்காது. அமெரிக்காவில் பெரிய பயணிகள் விமான நிறுவனங்களுக்கு சேஃப்டி டைரக்டர் என்று தனியாக ஒருவர் இருந்தே ஆக வேண்டும். ஐரோப்பியப் பராமரிப்பு விதிகள் வெகுகாலமாக வலியுறுத்துவது, தரத்தைக் கண்காணிப்பவருக்கு அக்கவுண்டபிள் மேனேஜரிடம் நேரடியாகப் போகும் வழி இருக்க வேண்டும் என்பதை. அக்கவுண்டபிள் மேனேஜர் என்றால் பணத்தை ஒதுக்கவும் வேலையை நிறுத்தவும் அதிகாரம் உள்ளவர், கடைசியில் சட்டத்துக்குப் பதில் சொல்கிறவர். பெரும்பாலும் தலைமை நிர்வாகிதான்.

ஆக, உங்கள் வரைபடம் விதியின் எழுத்தை மீறுகிறது என்று மேசையைத் தட்டிச் சொல்ல முடியாமல் போகலாம். ஆனால் வேலை முட்டிக்கொள்ளக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதே, அது உங்கள் பக்கம். உங்கள் ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், நீங்கள் கண்டுபிடிக்கப் போகிற ஆபத்துகளில் பெரும்பகுதி எங்கிருந்து வரும்? பராமரிப்பிலிருந்துதான். அந்தத் துறையின் தலைவரே உங்கள் மேலதிகாரி என்றால், அவர் துறையைப் பற்றி நீங்கள் எழுதும் குறையை முதலில் படித்து, திருத்தி, "அப்புறம் பார்க்கலாம்" என்று ஓரமாக வைக்கிற உரிமையையும் அவருக்கே கொடுத்தாகிவிட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, அந்த நிலைமைதான். உங்கள் தலைமை நிர்வாகி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் காதுக்கு விஷயம் வந்தால்தானே?

எழுதியது எப்படி மழுங்கும் என்பதற்கு ஒரு சின்ன சம்பவம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஹேங்கர்களில் கருவிப் பலகையைப் பார்த்திருப்பீர்கள்; ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தையே வரைந்து இடம் விட்டிருப்பார்கள், எது இல்லை என்று தூரத்திலிருந்தே தெரியும். விமானத்துக்குள் ஒரு கருவி மறந்து கிடந்தால் ஆபத்து என்பதால் இந்த ஏற்பாடு. ஒரு நாள் ஷிப்ட் முடியும்போது ஒரு சின்ன டார்ச்சின் இடம் காலி. விமானம் அதற்குள் பறக்கலாம் என்று கையெழுத்தாகி, இழுத்துக்கொண்டு போய், கிளம்பியும் விட்டது. டார்ச் மறுநாள் ஒரு டெக்னீஷியனின் லாக்கரில் கிடைத்தது. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஷிப்டில் இருந்தவர் எழுதிய அறிக்கையின் முதல் வரி: "ஒரு கருவி கணக்கில் வராத நிலையில் விமானம் விடுவிக்கப்பட்டது." சூப்பர்வைசர் கைக்குப் போனதும் அது "கருவியைத் திரும்பப் பதிவதில் தாமதம், கருவி கிடைத்துவிட்டது" என்று ஆனது. துறையின் மாதச் சுருக்கத்தில் "கருவிப் பதிவேட்டு ஒழுங்கு பற்றி ஊழியர்களுக்கு நினைவூட்டப்பட்டது." தலைமை நிர்வாகி கூட்டத்தில் பார்த்தது, எல்லாம் சரி என்று காட்டும் பச்சை நிறத்தில் ஒரு வரிசை.

யாரும் பொய் சொல்லவில்லை, கவனியுங்கள். ஒவ்வொரு வரியும் தனியாக எடுத்தால் உண்மைதான். தொலைந்தது ஒரு கேள்வி: கருவிகளை எண்ணுவதை ஏன் விமானத்தை விடுவிக்கும் முன் செய்யாமல் ஷிப்ட் முடிவில் செய்கிறோம்? அந்தக் கேள்வி மேலே போயிருந்தால் நடைமுறையையே மாற்றியிருப்பார்கள். போகாததால் டெக்னீஷியனுக்கு ஒரு நினைவூட்டல் கிடைத்தது, அவ்வளவுதான். அறிக்கை, எழுதியவரின் சொற்களிலேயே, நடுவில் யாரும் தொடாமல் சேஃப்டி மேனேஜரிடம் வர வேண்டும் என்பதற்கும், அவரிடமிருந்து யாரும் தொடாமல் மேலே போக வேண்டும் என்பதற்கும் இதுதான் காரணம்.

இதெல்லாம் சின்ன ஹேங்கர் அரசியல் என்று தோன்றினால் நாசாவைப் பாருங்கள். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் ஏழு பேரோடு வெடித்துச் சிதறியது. விசாரித்த ரோஜர்ஸ் ஆணையம் தன் அறிக்கையில் ஒரு முழு அத்தியாயத்துக்கே "மௌனமான பாதுகாப்புத் திட்டம்" என்ற பொருளில் தலைப்பு வைத்தது. பாதுகாப்பு, தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுகள் தாங்கள் யாரைச் சோதிக்க வேண்டுமோ அவர்களுக்குக் கீழேயே இருந்தன என்று அதில் சுட்டிக்காட்டினார்கள். எனக்கு மறக்காத விவரம் இன்னொன்று. ஏவுவதற்கு முந்தைய இரவு, குளிரில் ராக்கெட் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் தாங்குமா என்று பொறியாளர்கள் தொலைபேசியில் வாதாடிய அந்தக் கூட்டத்துக்குப் பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஒருவரைக்கூட அழைக்க யாருக்கும் தோன்றவில்லை. வேண்டாம் என்று ஒதுக்கியிருந்தால்கூட அவர்கள் இருப்பது நினைவில் இருந்ததாகச் சொல்லலாம். இங்கே அதுவும் இல்லை.

அதற்குப் பிறகு நாசா தலைமையகத்தில் தனிப் பாதுகாப்பு அலுவலகம் திறந்தார்கள், வரைபடம் மாறியது. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா, மறுபடி ஏழு பேர். விசாரணைக் குழு கண்டது என்ன? பாதுகாப்புக்காரர்கள் தாளில் தனியாக இருந்தாலும், அவர்களுக்கான பணம் அவர்கள் கண்காணிக்க வேண்டிய திட்டங்களிடமிருந்தே வந்துகொண்டிருந்தது. அதனால்தான் அந்தக் குழு, பாதுகாப்பு அமைப்புக்கு நேரடி அதிகாரம் மட்டும் போதாது, தனி நிதியும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. கோட்டை மாற்றினால் போதாது என்று மேலே சொன்னேனே, அதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

இன்னும் கிட்டத்தில் வேண்டுமென்றால் போயிங். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் தன் சார்பில் சான்றிதழ் வேலைகளைச் செய்ய போயிங்கின் ஊழியர்களுக்கே அதிகாரம் கொடுத்திருக்கிறது. வேலை அரசாங்கத்துடையது, சம்பளம் போயிங்குடையது. 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் இரண்டு 737 மேக்ஸ் விமானங்கள் விழுந்து 346 பேர் இறந்தார்கள். சிங்கப்பூர் 2019 மார்ச் 12ஆம் தேதி அந்த ரக விமானங்களை நிறுத்தியது நினைவிருக்கும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் துணை நிறுவனமான சில்க்ஏரிடம் அப்போது ஆறு இருந்தன. பிறகு அமெரிக்கக் காங்கிரஸ் 2020 இறுதியில் ஒரு சட்டம் போட்டது, அந்தச் சட்டப்படி அமைந்த நிபுணர் குழு 2024 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. போயிங் அந்த ஊழியர்களின் அமைப்பை மாற்றியதால் தலையீடு குறைந்திருக்கிறது என்று குழு ஒப்புக்கொண்டது. ஆனால் பழிவாங்க இன்னும் இடம் இருக்கிறது, குறிப்பாகச் சம்பள விஷயத்திலும், ஆள் குறைக்கும்போது யாரை எந்த வரிசையில் வைப்பது என்பதிலும் என்று சேர்த்துச் சொன்னது.

எனவே உங்கள் மனிதவளத் துறையிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி வரைபடத்தைப் பற்றியதல்ல. "என்னுடைய வருடாந்திர மதிப்பீட்டை யார் எழுதுவார்? போனஸை யார் முடிவு செய்வார்?" என்று கேளுங்கள். பராமரிப்புத் தலைவர்தான் என்றால் நேர்க்கோடு, புள்ளிக்கோடு பேச்செல்லாம் வீண். மதிப்பீட்டுப் படிவத்தையும் வாங்கிப் பாருங்கள். விமானத்தை நேரத்துக்கு விடுவிப்பது உங்கள் இலக்குகளில் ஒன்றாக இருந்தால் அதை எடுக்கச் சொல்லுங்கள். விமானம் தாமதமானால் உங்கள் போனஸ் குறையும் என்றால், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு சந்தேகத்தை எழுப்ப உங்கள் கை தயங்கத்தான் செய்யும். அது மனித இயல்பு, உங்கள் நேர்மையைப் பற்றிய பேச்சல்ல. "ஆபத்து அறிக்கைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது" என்று ஒரு இலக்கு இருந்தால் அது இன்னும் மோசம். அறிக்கை குறைய மிகச் சுலபமான வழி, யாரையும் எழுத விடாமல் செய்வதுதான்.

நம் ஊரிலேயே இந்தப் பிரிப்பு வேலை பெரிய அளவில் நடந்திருக்கிறது. 2009 ஜூலை 1 வரை சாங்கி விமான நிலையத்தை நடத்தியதும், விமானப் பாதுகாப்புக்கு விதி போட்டதும் ஒரே ஆணையம். அன்றுதான் சாங்கி விமான நிலையக் குழுமம் தனி நிறுவனமாகி, சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் மறுசீரமைக்கப்பட்டது. நடத்துகிறவரும் கண்காணிக்கிறவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்ற எண்ணம் அதன் பின்னால் உண்டு. வான்வெளிப் போக்குவரத்துக் கட்டுப்பாடு மட்டும் இன்றும் அதே ஆணையத்திடம்தான். அதற்குள்ளேயே வேலிகள் போட்டு வைத்திருக்கிறார்கள். முழுப் பிரிப்பு எல்லா இடத்திலும் சாத்தியமில்லை என்பதற்கும் அதுவே உதாரணம்.

விபத்து விசாரணை இன்னொரு தட்டு. போக்குவரத்து அமைச்சின் கீழ் இயங்கும் போக்குவரத்துப் பாதுகாப்பு விசாரணைப் பிரிவு ஆணையத்திலிருந்து தனியானது. விபத்துக்கு ஆணையத்தின் விதியோ கண்காணிப்போகூடக் காரணமாக இருந்திருக்கலாம் அல்லவா, அதை ஆணையமே விசாரிக்க முடியாது. 2024 மே 21 அன்று சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்க்யூ 321 விமானம் காற்றுக் கொந்தளிப்பில் சிக்கி ஒருவர் இறந்தபோது, 4.6 விநாடிகளில் விமானம் 178 அடி இறங்கியது என்ற முதற்கட்ட விவரங்களை அந்த மாதமே வெளியிட்டது இந்தப் பிரிவுதான். இரண்டும் ஒரே அமைச்சின் கீழ்தானே என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். அமெரிக்காவின் விசாரணை வாரியம்கூட 1967இல் போக்குவரத்துத் துறையோடு ஒட்டித்தான் பிறந்தது, 1975இல்தான் முழுசாகப் பிரிந்தது.

தேசிய சேவை செய்தவர்களுக்கு இன்னொரு உதாரணம் நெருக்கமாக இருக்கும். 2019 தொடக்கத்தில் நியூசிலாந்துப் பயிற்சியில் ஒரு தேசிய சேவையாளர் இறந்த பிறகு, சிங்கப்பூர் ஆயுதப் படையில் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் என்று ஒன்றை அமைத்தார்கள். தரைப்படை, கடற்படை, ஆகாயப்படைத் தளபதிகள் யாருக்கும் கீழே அதை வைக்கவில்லை. நேராகத் தற்காப்புப் படைத் தலைவருக்குக் கீழே வைத்தார்கள். பிரிகேட், பட்டாலியன் என்று படிநிலையே உயிர்மூச்சாக இருக்கும் ராணுவமே இப்படி நடுப்படிகளைத் தாண்டி ஒரு வழி வைக்க முடிகிறதென்றால், ஒரு ஹேங்கர் வைத்திருக்கும் கம்பெனிக்கு முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். மரியாதையாகக் கேளுங்கள்.

சரி, இப்போது மறுபக்கம். சுதந்திரம் என்றால் நீங்கள்தான் கடைசி முடிவு எடுப்பீர்கள் என்று அர்த்தமில்லை. புதிதாக வருகிறவர்கள் பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஐகாவோவின் கையேட்டைப் படித்தால், சேஃப்டி மேனேஜர் ஆலோசனை சொல்கிறவர், ஒருங்கிணைக்கிறவர். ஆபத்துக்குச் சொந்தக்காரர் வேலையை நடத்துகிற துறைத் தலைவர்தான். உங்களுக்கு வீட்டோ அதிகாரம் கொடுத்தால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஆறே மாதத்தில் "சேஃப்டி ஓகே சொல்லிட்டாங்களா?" என்று எல்லா முடிவையும் உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள், பராமரிப்புத் தலைவர் பாதுகாப்பைப் பற்றி யோசிப்பதையே விட்டுவிடுவார். உங்களுக்குத் தேவை வேறு. நீங்கள் ஒரு ஆபத்தை எழுதி, துறை அதை ஏற்காவிட்டால், "இந்த ஆபத்தை அறிந்தே ஏற்கிறேன்" என்று பெயர், தேதி போட்டு ஒருவர் கையெழுத்திட வேண்டும். பெரிய ஆபத்தென்றால் அந்தக் கையெழுத்து அக்கவுண்டபிள் மேனேஜருடையதாக இருக்க வேண்டும். அந்தப் படிவத்தை முன்னால் வைத்ததும் எத்தனை "அவசர" வேலைகள் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போகின்றன என்று பாருங்கள்.

பிரிட்டனின் நிம்ராட் விவகாரம் இந்த இரண்டு பக்கத்தையும் காட்டுகிறது. 2006 செப்டம்பரில் ஆப்கானிஸ்தானில் அந்த உளவு விமானம் தீப்பிடித்து 14 பேர் இறந்தார்கள். 2009இல் வந்த ஹேடன்-கேவ் மறுஆய்வு, செலவுக் குறைப்பிலும் தொடர் மறுசீரமைப்பிலும் பாதுகாப்பின் குரல் எப்படி அமுங்கிப்போனது என்று விலாவாரியாக எழுதியது. விளைவாக 2010இல் ராணுவ விமானப் பாதுகாப்புக்குத் தனி ஆணையம் வந்தது. அதோடு, உயிருக்கான ஆபத்து யார் பொறுப்பு என்று பெயர் சொல்லி ஒரு தளபதியிடம் ஒப்படைக்கும் முறையும் வந்தது. கண்காணிப்பு தனியாக, பொறுப்பு வேலை நடக்கும் இடத்திலேயே. இரண்டும் சேர்ந்தால்தான் ஓடும்.

தனித்து நிற்பதிலும் ஒரு அளவு உண்டு. நான்காவது மாடியில் தலைமை நிர்வாகி அறைக்குப் பக்கத்தில் அறை கொடுத்துவிட்டார்கள் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டால், ஹேங்கரில் நடப்பது உங்களுக்கு ஒன்றும் தெரியாது. உங்களிடம் விஷயம் சொல்லப் போவது யார்? விமானத்தைச் சுற்றிய வேலை மேடையில் (டாக்கிங்) நிற்கும் டெக்னீஷியன், இரவு ஷிப்ட் மெக்கானிக், வெளி காண்டிராக்டரின் ஆள். அவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தம்பிகள் கணிசம். அவர்களுடைய வேலை அனுமதி முதலாளியோடு கட்டப்பட்டது. வேலை போனால் அனுமதியும் போகும், ஊரில் வாங்கிய கடன் போகாது. "அண்ணே, நீங்க யார்கிட்டயும் சொல்லிட மாட்டீங்கல்ல?" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பார்கள். அந்தக் கேள்விக்கு "மாட்டேன்" என்று உண்மையாகப் பதில் சொல்ல உங்களால் முடிய வேண்டும். அறிக்கைப் பெட்டகத்தைத் திறக்கும் பாஸ்வேர்ட் உங்கள் மேலதிகாரியிடமும் இருந்தால் முடியாது. உங்கள் சுதந்திரம் உங்களுக்காக மட்டுமில்லை என்பது இங்கேதான் புரியும். 19ஆம் பின்னிணைப்பின் இரண்டாம் பதிப்பு, பாதுகாப்புக்காகத் தரும் தகவலை வேறு எதற்கும் பயன்படுத்தாமல் காப்பதற்கென்றே விரிவான பகுதி சேர்த்ததும் இந்த பயத்தை மனதில் வைத்துத்தான்.

கம்பெனிக்குள் சொல்ல முடியாதவர்களுக்கு வெளியேயும் ஒரு வழி உண்டு. விசாரணைப் பிரிவு நடத்தும் 'சின்கேர்' என்ற ரகசிய அறிக்கைத் திட்டம் அது. தண்டனை கொடுப்பதற்காக நடத்துவதல்ல. அதன் விவரத்தை உங்கள் ஹேங்கர் அறிவிப்புப் பலகையில் நீங்களே தமிழிலும் எழுதி ஒட்டுங்கள். தன்னைத் தாண்டிப் போகும் வழியைக் காட்டித்தருகிற சேஃப்டி மேனேஜரிடம்தான் ஆட்கள் முதலில் வந்து சொல்வார்கள்.

சின்ன கம்பெனி, ஆள் இல்லை, அதனால்தான் இப்படி வரைந்தோம் என்று உங்களிடம் சொல்வார்கள். பாதி நியாயம் இருக்கிறது. இருபது, முப்பது பேர் உள்ள இடத்தில் தனி அலுவலகம் போட முடியாது, சேஃப்டியையும் தரத்தையும் ஒருவரே பார்ப்பது சகஜம், அது பெரும்பாலும் ஓடும். ஓடாதது, வேலையைக் கையெழுத்திட்டு விடுவிப்பவரே அதே வேலையைத் தணிக்கை செய்வது. அதற்கு வெளியிலிருந்து ஒருவரைத் தணிக்கைக்கு வரவழைக்கலாம். வேலையிடப் பாதுகாப்பு அதிகாரி பொறுப்பையும் உங்கள் தலையிலேயே வைப்பார்கள், அதையும் எதிர்பாருங்கள். ஏணியிலிருந்து ஆள் விழுவதும், மூடாத பேனலோடு விமானம் போவதும் வேறு வேறு சட்டம், வேறு வேறு படிவம், ஆனால் ஒரே ஹேங்கர். இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னால் எத்தனை மணி நேரம் எதற்கு என்று எழுத்தில் வாங்குங்கள். மனிதவள அமைச்சின் பக்கத்தில் உங்களுக்கு ஒரு துருப்புச்சீட்டும் இருக்கிறது: தலைமை நிர்வாகிகளுக்கும் இயக்குநர் சபைக்கும் பாதுகாப்பில் என்னென்ன கடமை என்று சொல்லும் நடைமுறைக் கோவை 2022 அக்டோபரிலிருந்து நடப்பில் உள்ளது. "சார், இது உங்கள் பெயரில் இருக்கும் பொறுப்பு, உங்களுக்குத் தெரியாமல் நடுவில் நிற்கக் கூடாது" என்று சொன்னால் புரிந்துகொள்ளாத தலைமை நிர்வாகி குறைவு.

கேட்கும் முறையைப் பற்றிக் கொஞ்சம். பராமரிப்புத் தலைவரிடம் "உங்களுக்குக் கீழே இருக்க எனக்கு விருப்பமில்லை" என்று ஆரம்பித்தால் கதை முடிந்தது. முதலில் அவரிடமே தனியாகப் போய், "நாளைக்கு ஆணையத்திலிருந்து தணிக்கைக்கு வந்தால், உங்கள் துறைக் குறையை உங்கள் ஆளே மறைத்தார் என்று பெயர் உங்களுக்குத்தான் வரும்" என்று எடுத்துச் சொல்லுங்கள். அது மிரட்டல் இல்லை, அவருக்கும் நல்லதுதான். அப்புறம் தலைமை நிர்வாகியிடம் மூன்று விஷயம் எழுத்தில் கேளுங்கள்: மதிப்பீட்டை அவரே எழுதுவார் என்பது, அவர் தலைமையில் நடக்கும் பாதுகாப்பு மறுஆய்வுக் கூட்டத்தில் உங்களுக்கு இருக்கையும், நிகழ்ச்சி நிரலில் நீங்கள் நேரடியாக விஷயம் சேர்க்கும் உரிமையும், உங்களை இந்தப் பொறுப்பிலிருந்து நீக்கினால் காரணத்தை எழுதிப் பதிவு செய்வது. இவை நியமனக் கடிதத்தில் மட்டும் இருந்தால் போதாது, ஆணையம் ஏற்றுக்கொண்ட நிறுவனக் கையேட்டிலும் ஏற வேண்டும். கடிதம் கோப்பில் தூங்கும். கையேட்டை மாற்ற வேண்டுமென்றால் அதிகாரிகளிடம் போக வேண்டும்.

நான் தணிக்கைக்குப் போனால் முதலில் கேட்பது கடைசியாக நடந்த மறுஆய்வுக் கூட்டத்தின் குறிப்பைத்தான். வரைபடம் அப்புறம். தலைமை நிர்வாகி வந்திருந்தாரா, தன் சார்பில் ஆளை அனுப்பினாரா? சேஃப்டி மேனேஜர் ஏதாவது மறுப்புச் சொன்னதாகப் பதிவு இருக்கிறதா? பக்கம் பக்கமாக "குறித்துக்கொள்ளப்பட்டது" என்று மட்டுமே இருந்தால், அந்தக் கம்பெனியில் கோடு எங்கே போனாலும் ஒன்றுதான். நீங்களும் பதவியை ஏற்கும் முன் பழைய குறிப்புகளைப் படிக்கக் கேளுங்கள். தர மறுத்தால் அதுவே ஒரு பதில்.

மூன்றில் இரண்டு கிடைத்தால்? மதிப்பீடு தலைமை நிர்வாகியிடம் இருக்கிறதென்றால் நான் ஏற்றுக்கொள்வேன், மற்றதை வேலை பார்த்துக்கொண்டே வாங்கலாம். மதிப்பீடு பராமரிப்பிலேயே இருக்கிறது, மற்ற இரண்டும் தருகிறோம் என்றால், பணிவாக வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஹேங்கரிலேயே இருங்கள்.

ஏற்றுக்கொண்டால் கடைசியாக ஒன்று: உங்கள் பொறியாளர் உரிமத்தைக் காலாவதியாக விடாதீர்கள். அனுபவ நாட்களைத் தொடர்ந்து காட்ட வேண்டிய உரிமம் அது; மேசைக்குப் போன பலர் மறந்து, பிறகு திரும்பி வரக் கஷ்டப்பட்டிருக்கிறார்கள். நிறுவனத்தோடு பேசி அவ்வப்போது சில ஷிப்ட் வேலை பாருங்கள். அந்த வேலைகளை மட்டும் வேறு ஒருவர் தணிக்கை செய்யட்டும். நாளைக்கே இந்தப் பதவி போனாலும் சிலேத்தாரிலோ சாங்கியிலோ வேறு ஒரு ஹேங்கரில் கையெழுத்துப் போட முடியும் என்று தெரிந்தால், தலைமை நிர்வாகியின் அறைக்குள் நீங்கள் பேசும் விதமே வேறாக இருக்கும்.